பிஸ்கட் டப்பாவில் மிஞ்சிய வார்த்தை

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவளுக்கு எதைக் கண்டும் குமட்டாது என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. அதில் பாதி சரி. மேல் மாடிகளிலிருந்து துணி போடும் குழாய் வழியாக மூட்டை மூட்டையாக வந்து விழும் விரிப்புகளை அவள் கையுறை போட்டுக்கொண்டு பிரிப்பாள். இரத்தக்கறை ஒரு தொட்டி, மலமும் மூத்திரமும் ஒரு தொட்டி, வாந்தி எடுத்தது ஒரு தொட்டி. இரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர், மற்றதற்குக் கொதிநீர். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. நடுவில் டீ வந்தால் கையைக் கழுவிக்கொண்டு அந்த மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே நின்று குடிப்பாள். புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினால், "அழுக்குக்கு என்னம்மா குத்தம்? உடம்புன்னு ஒண்ணு இருந்தா அழுக்கும் இருக்கும். துவைச்சா போயிடும்" என்பாள். இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி அவள் குரல் பித்தளை அண்டாவைத் தட்டினது மாதிரி ஆகியிருந்தது.

மீதிப் பாதி அவள் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். அவளுக்குக் குமட்டுவது வார்த்தைகள். வெளுத்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் எடுத்து வைக்கிற வார்த்தைகள். அப்படி ஒன்று காதில் விழுந்தால் மூக்கு விடைக்கும், கீழுதடு உள்ளே போகும். வீட்டுக்காரர் அதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குகிறவர். நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய் எங்கேயும் போய்ச் சேராத மனுஷன் என்று தன்னையே கிண்டல் செய்துகொள்வார். மனைவியின் முகம் அப்படிக் கோணினால், "யாரோ உன்கிட்ட அன்புன்னு சொல்லிட்டாங்க போல" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சபையில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தாள். அது அவளுக்குக் கிடைத்த கதையே ஒரு கேவலம். சின்னப் பிள்ளைகளுக்கு ஒதுக்கியிருந்த அறை கழிப்பறைக்கு ஒட்டினாற்போல் இருந்தது. ஃபினாயிலும் மூத்திரமும் கலந்த வாடை சுவரைத் தாண்டி வரும். நல்ல சேலை கட்டி வருகிற சகோதரிகள் யாரும் அங்கே உட்காரத் தயாராக இல்லை. "அந்த அக்காவுக்கு மூக்கு பழகியிருக்கும்" என்று ஒருத்தி சொன்னாள். எல்லோருக்கும் அது பெரிய தீர்க்கதரிசனமாகப் பட்டது. இவள் சரி என்றாள். பிள்ளைகளை உட்காரவைக்கிற அறை நாறினால் யாராவது கழிப்பறையைக் கழுவுவார்கள் என்று நினைத்தாள். கடைசியில் அவளேதான் கழுவினாள்.

பாடத்துக்கு ஒரு கையேடு இருந்தது. சபையின் மூப்பர் ஒருவர் தொகுத்து அச்சிட்டது. அவருக்குப் பெரிய பர்னிச்சர் கடை. பிள்ளைகள் எதிரே 'பீரோ அங்கிள்' என்பார்கள், அவர் இல்லாதபோது வெறும் 'பீரோ'. கையேட்டின் பின்னட்டையில் அவர் கோட்டு சூட்டோடு சிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே விசுவாச வார்த்தைகளும் அவற்றின் அர்த்தங்களும். 'கிருபை: தகுதியற்றோர்மீது தாராளமாய்ப் பொழியப்படும் தெய்வீக தயவு.' முதல் வாரம் அவள் அதை வாசித்துவிட்டு, "தகுதின்னா என்ன, சொல்லுங்க பாப்போம்" என்றாள். ஒரு வாண்டு எழுந்து, "கார் வச்சிருக்கறது டீச்சர்" என்றது. அவள் கையேட்டை மூடி, ஆடிக்கொண்டிருந்த பெஞ்சுக் காலுக்கு அடியில் மடித்து வைத்தாள். பெஞ்சு ஆடுவது நின்றது. அந்தப் புத்தகத்தால் அவள் கண்ட ஒரே பலன் அதுதான்.

பிறகு ஒரு காலி பிஸ்கட் டப்பா கொண்டுவந்தாள். பொறுமை, தாழ்மை, இரக்கம், விசுவாசம் என்று துண்டுச் சீட்டுகளில் எழுதி அதில் போட்டாள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சீட்டு எடுக்க வேண்டும். வாரம் முழுக்க அந்த வார்த்தையைக் கண்ணால் தேட வேண்டும். வீட்டில், தெருவில், பள்ளிக்கூடத்தில், எங்கே வேண்டுமானாலும். அடுத்த ஞாயிறு எழுந்து நின்று 'நான் பார்த்தேன்' என்று ஆரம்பித்து, பார்த்ததைச் சொல்ல வேண்டும். பார்க்கவில்லை என்றால் 'இன்னும் பார்க்கல' என்று சொல்லிச் சீட்டை டப்பாவில் போட்டுவிட்டு உட்காரலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்வதுதான் வெட்கம். வகுப்புக்கு இருந்த ஒரே சட்டம் இது. இதனாலேயே அவளுக்குப் 'பார்த்தேன் டீச்சர்' என்று பெயர் விழுந்தது.

பிள்ளைகள் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பொறுமை எடுத்த பையன், "நான் பார்த்தேன். எங்க அத்தை தையல் மெஷின்ல நூல் கோத்தாங்க. அறுந்துச்சு. மறுபடி கோத்தாங்க, மறுபடி அறுந்துச்சு. மெஷினைத் திட்டவே இல்ல" என்றான். தாழ்மை எடுத்தவள், "நான் பார்த்தேன். பாஸ்டர் அவர் கார் கதவை அவரே தொறந்தாரு" என்றாள். டீச்சர் இருமல் வந்ததுபோல் வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரக்கம் ஒரு தடவை டிரைவர் மகளுக்கு வந்தது. ஒல்லியான பெண், பேச்சு குறைவு, எதையும் இமைக்காமல் பார்க்கிற கண். அப்பா பீரோக்காரரின் கடையில் டெலிவரி வேன் ஓட்டுகிறவர். "நான் பார்த்தேன்" என்றாள் அவள். "நடுரோட்டுல ஒரு பூனை செத்துக் கிடந்துச்சு. எங்கப்பா வேனை நிறுத்தி, இறங்கிப் போய் அதைத் தூக்கி ஓரமா வச்சாரு. செத்துப்போச்சேப்பான்னு கேட்டேன். தெரியும்டா, அதுக்காக எல்லா வண்டியும் அது மேல ஏறிப் போகணுமான்னு சொன்னாரு." இரக்கத்துக்கு அதைவிட நல்ல அர்த்தம் எந்தக் கையேட்டில் இருக்கிறது என்று டீச்சர் அன்று முழுக்க வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்டுக் கேட்டு அவர் காது புளித்துப்போயிற்று.

ஒரே ஒரு சீட்டு மட்டும் யார் எடுத்தாலும் திரும்ப டப்பாவுக்கே வந்தது. 'சாட்சி.' அதற்குக் காரணம் உண்டு. ஆராதனையில் வாராவாரம் சாட்சி சொல்லும் நேரம் என்று ஒன்று இருந்தது. யாராவது போய் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கர்த்தர் எனக்கு ஏசி கொடுத்தார், கர்த்தர் என் மகனுக்கு வெளிநாட்டு விசா கொடுத்தார் என்று அடுக்குவார்கள். கேட்டுக்கொண்டிருக்கிற இவளுக்கு மூக்கு விடைக்கும். ஆண்டவரை என்ன, தவணைக் கடை முதலாளி என்றே முடிவு கட்டிவிட்டார்களா என்று பல்லைக் கடிப்பாள். பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டு வந்தார்கள். "நான் பார்த்தேன் டீச்சர். எங்க பெரியம்மா மைக்ல சாட்சி சொன்னாங்க. புதுக் கார், வெள்ளைக் கலர்."

"அது காரு. சாட்சி இல்ல. போடு டப்பாவுல" என்பாள் டீச்சர்.

"அப்ப சாட்சின்னா என்ன?" என்று டிரைவர் மகள் ஒரு நாள் கேட்டாள்.

"பார்த்ததைப் பார்த்தபடி சொல்றது. சொன்னா தனக்கு நஷ்டம் வரும்னு தெரிஞ்சும் சொல்றது."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தாள். "இன்னும் பார்க்கல" என்றாள்.

அந்த வருஷம்தான் டிரைவருக்கு அடிபட்டது. மூன்றாம் மாடி வீடு ஒன்றுக்கு ஒரு தேக்கு பீரோவை ஏற்ற வேண்டும். கூட ஓர் ஆள் வேண்டும் என்று டிரைவர் கேட்டதற்கு, "அங்க வீட்டுக்காரங்க இருப்பாங்க, ஒரு கை பிடிப்பாங்க, போ" என்று முதலாளி அனுப்பிவிட்டார். வீட்டுக்காரர்கள் கைபிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வேடிக்கைதான் பார்த்தார்கள். இரண்டாவது திருப்பத்தில் பீரோ சரிந்தது. ஆள் கீழே, பீரோ மேலே. கீறல் விழுந்தால் தொட்டுப் பூச டிரைவர் இடுப்புப் பையில் வைத்திருந்த பாலிஷ் பாட்டில் நொறுங்கி, சட்டை முழுக்க நனைந்தது. மரத்துக்குப் பூசும் பாலிஷ் ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்துச் செய்வது. வாடை குப்பென்று அடிக்கும். செய்தி கேட்டு ஓடிவந்த முதலாளி, அடிபட்டவனைக் குனிந்து பார்க்கும் முன்னே, கூடியிருந்தவர்களைப் பார்த்து, "குடிச்சிட்டு வந்து என் பொருளை உடைச்சிட்டான், பாருங்க" என்றார். எல்லோர் மூக்கிலும் ஸ்பிரிட் வாடை. எல்லோரும் நம்பினார்கள். நாள் முழுக்க அந்தப் பாலிஷ் நடுவிலேயே புழங்குகிற மனுஷனுக்கு அது என்ன வாடை என்று தெரியாதாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேட்டிருக்கிறோம். இவர் ஒரு பீரோவையே மறைத்தார்.

டிரைவருக்கு முதுகெலும்பில் அடி. டீச்சர் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே கிடந்துவிட்டு, பிறகு வீட்டில் ஒரு கட்டிலில் கிடந்தார். அவருடைய சட்டை சலவைக்கூடத்துக்கு வந்தது. முதுகில் கடைப் பெயர் போட்ட சட்டை. நல்ல சட்டை, வீசாதீர்கள் என்று டிரைவர் மனைவி கேட்டுக்கொண்டாளாம். டீச்சர் அதைத் தொட்டிக்குள் போட எடுத்தபோது அது மடங்கவே இல்லை. அட்டைபோல் விறைத்து நின்றது. தோள்பட்டையில் மட்டும் இரத்தம். மற்ற இடமெல்லாம் தவிட்டு நிறத்தில் பளபளவென்று காய்ந்த அரக்கு. சாராயம் காய்ந்தால் வாடை இருக்கும், விறைப்பு இருக்காது. வார்டிலிருந்து கொஞ்சம் ஸ்பிரிட் கேட்டு வாங்கி, ஊறவைத்துத் தேய்த்துத் தேய்த்துத்தான் அந்தச் சட்டையை அவள் துணியாக்கினாள். அப்போது அவள் காதுக்கு ஊர்ப் பேச்சு எதுவும் வந்திருக்கவில்லை.

வந்தது அடுத்த ஞாயிறு. ஜெபக்குறிப்பு நேரத்தில் பீரோக்காரர் மைக்கை வாங்கினார். குரலை நன்றாகக் குழைத்துக்கொண்டார். "குடிப்பழக்கத்துக்கு அடிமையாகிக் கிடக்கிற நம்ம அருமைச் சகோதரன், என் கடையில வேலை பார்த்த டிரைவருக்காக, எல்லாரும் கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபிப்போம்" என்றார்.

ஒருவனை ஊர் நடுவில் குடிகாரன் என்று சொன்னால் பழிச்சொல். அதையே கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் ஜெபம். சாத்தான் வேதம் ஓதுகிறது என்பார்களே, அதற்குக் குளிர்சாதன வசதியும் ஒலிபெருக்கியும் வைத்துக் கொடுத்தால் இப்படித்தான் இருக்கும். சபை முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு 'ஆமென்' என்று முனகியது. டீச்சருக்கு வாயில் எச்சில் ஊறி வந்தது, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில். கண்ணைத் திறந்தாள். முன் பெஞ்சில் டிரைவர் மகளும் கண்ணைத் திறந்துகொண்டு, பீரோக்காரரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆராதனை முடிந்ததும் டீச்சர் பாஸ்டரிடம் போனாள். சட்டையைப் பற்றிச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர், பயந்த மனிதர். தலைக்கு மேலே சுழன்ற மின்விசிறியும், உட்கார்ந்திருந்த நாற்காலியும், முன்னால் இருந்த மேஜையும் பீரோக்காரர் கொடுத்தவை.

"நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம்மா" என்றார். "ஆனா இப்ப இதைக் கிளப்பினா சபை ரெண்டாயிடும். சமாதானம் முக்கியம் இல்லியா? ஆண்டவர் பாத்துப்பார்."

"ஆண்டவர் பாத்துட்டாரு பாஸ்டர். நானும் பாத்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்."

"ஜெபம் பண்ணுவோம்மா" என்றார் அவர்.

அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்தவள் பேசாமல் இருந்துவிட்டாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டுக்காரர், "உனக்கு எதுக்கு ஊர் வம்பு? ஊர் வாயை மூட உலைமூடி ஏது?" என்றார். டிரைவர் மனைவியே ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் சொல்லிடாதீங்க அக்கா. அவர் எழுந்து உக்கார ஆரம்பிச்சதும் கடையில உக்காந்து பாக்குற வேலை ஏதாவது தரேன்னு முதலாளி சொல்லியிருக்காரு" என்றாள். டீச்சர் சரியென்று தலையாட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் டிரைவர் மகள் முகத்தை நேராகப் பார்க்காமல் டப்பாவைக் குலுக்கினாள்.

வருஷக் கடைசியில் பிள்ளைகள் நிகழ்ச்சி வந்தது. சபை முழுக்கக் கூடும். ஒவ்வொரு பிள்ளையும் மேடையேறி ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய ஞாயிறு பீரோக்காரர் சின்னப் பிள்ளைகள் அறைக்கு வந்தார். கழிப்பறை வாடைக்குக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே பேசினார்.

"டிரைவர் பொண்ணு எது?" என்றார். பார்த்தார். "ம். இந்தப் பாப்பாவுக்கு மன்னிப்புங்கற வார்த்தையைக் குடுத்துடுங்க சகோதரி. கையேட்டுல இருக்கற அர்த்தத்தை அப்படியே சொல்லணும். நானே மேடையில பக்கத்துல நிப்பேன். பாப்பாவுக்கு ஒரு படிக்கிற மேஜை பரிசு. போட்டோ எடுக்க ஆள் வருது." பிறகு குனிந்து பெஞ்சுக்கு அடியில் பார்த்தார். "அது நம்ம கையேடு இல்ல?"

"பெஞ்சு ஆடுது" என்றாள் டீச்சர்.

அவர் சிரித்தார். சிரிப்பு கைக்குட்டைக்கு மேலே கண் வரைக்கும் வரவில்லை. "இந்தப் பார்த்தேன், பார்க்கலங்கறதெல்லாம் மேடையில வேண்டாம். புரியுதில்ல? அடுத்த வருஷம் இந்த வகுப்பை யாருக்குக் குடுக்கறதுன்னு கமிட்டியில பேச்சு வேற வருது."

அவர் போன பிறகு அறையில் வாடை குறைந்தது மாதிரி இருந்தது. கழிப்பறை அப்படியேதான் இருந்தது.

டீச்சர் நினைத்தது இதுதான். பாவி, உள்ளுக்குள் உறுத்துகிறது. நேரே போய்க் கட்டிலில் கிடக்கிறவனிடம் மன்னிப்புக் கேட்க முகமில்லை. பிள்ளை வாயால் அந்த வார்த்தையை வாங்கிக்கொள்ளப் பார்க்கிறான். மேஜையைக் கொடுத்து மன்னிப்பை வாங்கிப்போகிற வியாபாரம். ஆனாலும் அந்த 'உக்காந்து பாக்குற வேலை' அவள் கையைக் கட்டிப்போட்டது. தன் சட்டத்துக்காக ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட முடியுமா? பெஞ்சுக்கடியிலிருந்து கையேட்டை உருவினாள். தூசி தட்டினாள். பெஞ்சு மறுபடியும் ஆடத் தொடங்கியது.

"மன்னிப்பு. பிறர் குற்றங்களை நினையாமல், அன்பினால் அவற்றை மூடி, அவர்களை ஏற்றுக்கொள்ளுதல்" என்று வாசித்தாள். "இதைச் சொல்லிப் பழகு."

டிரைவர் மகள் இரண்டு தடவையில் பிடித்துக்கொண்டாள். பிறகு, "நான் பார்த்தேன்னு ஆரம்பிக்க வேண்டாமா டீச்சர்?" என்றாள்.

"இந்த வாட்டி வேண்டாம்."

"ஏன்?"

"புத்தகத்துல அப்படி இல்ல."

"அவர் மன்னிப்பே கேக்கலியே டீச்சர். கேக்காமலே குடுக்கணுமா?"

கேட்காமலும் கொடுக்கலாம். பெரிய மனசுக்காரர்கள் கொடுத்திருக்கிறார்கள். சிலுவையில் தொங்கிக்கொண்டே ஒருவர் கொடுத்தார். ஆனால் அவரை யாரும் கையைப் பிடித்து இழுத்துவந்து, போட்டோக்காரனை எதிரே நிறுத்தி, மனப்பாடமாகச் சொல்லச் சொல்லவில்லை. இதையெல்லாம் பிள்ளையிடம் சொல்லத்தான் அந்த வகுப்பே இருந்தது. "சொல்லிப் பழகும்மா" என்று மட்டும் சொன்னாள் டீச்சர். அன்று வேலைக்குப் போய் எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் கை பிசுபிசுவென்றே இருந்தது.

நிகழ்ச்சியன்று மண்டபம் நிரம்பியிருந்தது. பலூன்கள், ரிப்பன்கள், மேடையின் ஓரத்தில் புத்தம்புதிய படிக்கிற மேஜை, அதன்மேல் சிவப்பு ரிப்பன் முடிச்சு. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கிளிப்பிள்ளைகளாக ஒப்பித்தார்கள். பெற்றோர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தன் பிள்ளை முடித்ததும் போனை இறக்கி அடுத்தவர் பிள்ளைக்குக் கொட்டாவி விட்டார்கள். பொறுமைக்கு அத்தையின் தையல் மெஷினைக் கண்டுபிடித்த பையன், 'உபத்திரவ காலத்தில் நிலைத்திருத்தல்' என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு இறங்கினான். டீச்சர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரைவர் மகளின் முறை வந்தது. பீரோக்காரர் எழுந்து போய் அவள் தோளில் கை வைத்துக்கொண்டு மைக்கை எடுத்தார்.

"பிரியமானவர்களே, இந்தப் பாப்பாவோட அப்பா என்கிட்ட வேலை பார்த்தவர். குடியினால அவருக்கு என்ன ஆச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். எனக்கு நஷ்டம். கெட்ட பேரு. என் சொந்தக்காரங்களே, அந்த ஆள் மேல கேஸ் போடுன்னாங்க. நான் போடல." இங்கே குரல் தழுதழுத்தது, தேவையான அளவுக்கு. "நான் அவரை மன்னிச்சுட்டேன். முழுசா மன்னிச்சுட்டேன். மன்னிப்புன்னா என்னன்னு இப்ப இந்தக் குழந்தையே உங்களுக்குச் சொல்லும்."

கைதட்டல் எழுந்தது. இரண்டொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

டீச்சருக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த ஆள் மன்னிப்பு வாங்க வரவில்லை. கொடுக்க வந்திருக்கிறான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இவன் பாவத்தையும் செய்துவிட்டு, பழியையும் போட்டுவிட்டு, கடைசியில் மன்னிக்கிற மகாத்மாவாகவும் வந்து நிற்கிறான். அதற்குச் சான்றிதழ் வாசிக்க, அடிபட்டவனின் மகளை நிறுத்தியிருக்கிறான். அந்தச் சான்றிதழைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? அவளேதான். அவள் வாழ்நாளில் பிரித்த மூட்டைகளில் இப்படி நாறின மூட்டை ஒன்றும் இல்லை.

பிள்ளை மைக்குக்கு முன்னால் வந்தாள். "மன்னிப்பு" என்றாள். நிறுத்தினாள். பீரோக்காரரை அண்ணாந்து ஒரு தடவை பார்த்தாள். பிறகு சபையைப் பார்த்து, வகுப்பில் சொல்கிற அதே சாதாரணக் குரலில், "இன்னும் பார்க்கல" என்றாள்.

சின்னப் பிள்ளைகள் வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது தெரிந்த பதில். பெரியவர்களுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. பீரோக்காரர் பெரிதாகச் சிரித்தார். "பாவம், பயந்துட்டா. மறந்துட்டா. பரவாயில்லம்மா, ஒரு கை தட்டுங்க எல்லாரும்" என்றார். தட்டினார்கள். எதற்குத் தட்டுகிறோம் என்று தெரியாமலே தட்டுகிற கைகள் எல்லா ஊரிலும் உண்டு.

பிள்ளை இறங்கவில்லை. கைதட்டல் ஓயும் வரை காத்திருந்தாள். "மறக்கல" என்றாள். பிறகு மூன்றாவது வரிசையைத் தேடிப் பார்த்தாள்.

டீச்சர் எழுந்து நின்றாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை. "அவ மறக்கல" என்றாள். சலவைக்கூடத்துக் குரல் மண்டபத்தின் கடைசி பெஞ்சு வரைக்கும் போயிற்று. "புத்தகத்துல இருக்கறது அவளுக்கு மனப்பாடம். நான்தான் சொல்லிக் குடுத்தேன், தப்பு என்னுது. இப்ப எங்க வகுப்புச் சட்டப்படி சொல்றேன். நான் பார்த்தேன். இவ அப்பாவோட சட்டையைத் துவைச்சது நான். அதுல சாராயம் இல்ல. பீரோவுக்குப் பூசுற பாலிஷ். சட்டை அட்டை மாதிரி விறைச்சிருந்துச்சு. சாராயத்துல எந்தச் சட்டையும் விறைக்காது. அது என்ன வாடைன்னு இங்க வேற யாருக்குத் தெரியாட்டியும், மேடையில நிக்கிறவருக்குத் தெரியும்."

"சகோதரி, இது பிள்ளைங்க நிகழ்ச்சி" என்றார் பீரோக்காரர்.

"ஆமா. அதான் பிள்ளைங்க முன்னாடியே சொல்றேன். பாஸ்டர்கிட்ட அப்பவே சொன்னேன். அப்புறம் வாயை மூடிக்கிட்டேன். அதுக்கு இந்தப் பிள்ளைகிட்ட நான்தான் மன்னிப்பு கேக்கணும்."

எல்லோரும் பாஸ்டரைப் பார்த்தார்கள். பாஸ்டர் எழுந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "நாம எல்லாரும் கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார். எல்லோரும் மூடிக்கொண்டார்கள். கண்ணை மூடுவது அந்தச் சபைக்கு எப்போதுமே வசதி. திறந்திருந்தவை டீச்சரின் கண்ணும், பிள்ளையின் கண்ணும், வேறு யார் திறந்திருக்கிறார்கள் என்று நோட்டம் விட்ட பீரோக்காரரின் கண்ணும்தான்.

பிறகு நடந்தது எல்லோரும் எதிர்பார்த்ததே. வானம் பிளக்கவில்லை. பீரோக்காரர் மூப்பராகவே இருந்தார். படிக்கிற மேஜை வேறொரு பிள்ளைக்குப் போயிற்று. கடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று ஒன்று இருந்ததாக யாரும் பிறகு பேசவில்லை. சின்னப் பிள்ளைகள் வகுப்பு பீரோக்காரரின் மருமகளுக்குப் போயிற்று. அவளுக்கு வாடை ஆகாது என்று வகுப்பையே மாடியில் காற்றோட்டமான அறைக்கு மாற்றினார்கள். அப்படி ஓர் அறை இத்தனை வருஷமும் பூட்டிக் கிடந்தது என்று தெரிந்தபோது டீச்சரின் கீழுதடு உள்ளே போன போக்கை வீட்டுக்காரர் பார்த்து, "இப்ப எந்த வார்த்தை?" என்று கேட்டார். "பாரபட்சம்" என்றாள். அவர் அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை.

அடுத்த ஞாயிறு பழைய அறையில் தன் சாமான்களை எடுக்கப் போனாள். ஒரு துடைப்பம், ஒரு பழைய துண்டு, பிஸ்கட் டப்பா. டிரைவர் மகள் வாசலில் நின்றிருந்தாள்.

"மாடிக்குப் போகலியா?" என்றாள் டீச்சர்.

"போகணும். அப்பா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. அந்த வேலைக்கு அவர் எப்படியும் போயிருக்க மாட்டாராம்."

"உங்கம்மா?"

"அம்மா ரெண்டு நாள் பேசல. இப்ப பேசறாங்க."

டீச்சர் தலையாட்டினாள். பிள்ளை டப்பாவை வாங்கித் திறந்து, சீட்டுகளுக்குள் கையைவிட்டுத் துழாவினாள். ஒன்றைத் தேடி எடுத்தாள். எத்தனையோ பிள்ளைகள் எடுத்து, எடுத்த வேகத்தில் திருப்பிப் போட்டு, மடிப்பில் கிழிந்துபோயிருந்த சீட்டு அது.

"இதை நான் வச்சுக்கறேன் டீச்சர். இனி டப்பாவுல போட வேண்டாம்."

"சட்டம் தெரியுமில்ல" என்றாள் டீச்சர். "சும்மா வச்சுக்க முடியாது. சொல்லணும்."

பிள்ளை நிமிர்ந்து நின்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "சாட்சி. நான் பார்த்தேன்" என்றாள். "எங்க டீச்சர் எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னாங்க. வகுப்பு போயிடும்னு அவங்களுக்குத் தெரியும். இருந்தும் உக்காரல."